இரண்டாம் ஆள் யார்?

ஆகாயவிமானப் பிரயாண விதிகளுள் ஒன்று, வளர்ந்தவர் ஒருவர் தம் மடியில் ஒரு சிசுவை மாத்திரமே வைத்திருக்கலாம் என்பது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி ஆசனம் கட்டாயமன்று. சர்வதேச விமானங்களிற் பெரும்பாலும் பெரியவருக்குரிய கட்டணத்தில் நூற்றுக்குப் பத்து வீதமளவு செலுத்தினாற் போதும். ஆனால் அந்தச் சலுகை ஒரு மடிக்கு ஒன்றுதான். வாசகருட் பெரும்பாலானோர் இப்படியொரு விதி உண்டென்பதையே அறியாமல் வாழ்ந்துவிடலாம். ஒரே பிரசவத்தில் இரண்டைப் பெற்று, துணையின்றிப் புறப்பட வேண்டியவளுக்கோ அது வாசலிலேயே வந்து நிற்கும்.

2012ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், ஒன்பது மாதக் குழந்தைகள் இரண்டுடன் லண்டனிலிருந்து கட்டுநாயக்காவுக்குத் தனியே வந்தவள் நான். பருத்தித்துறையில் என் தாயார் பாரிசவாதத்தால் விழுந்து படுக்கையிற் கிடந்தார். பேரப்பிள்ளைகளை அவர் படத்திலன்றிப் பார்த்ததில்லை. என் கணவர் அகதியாக அடைக்கலம் பெற்றவர். அத்தகையோருக்குப் பிரித்தானிய அரசு வழங்கும் பயணப்பத்திரம் பல நாடுகளுக்குச் செல்லும். எந்த நாட்டைவிட்டு ஓடிவந்தாரோ அந்த நாட்டுக்கு மாத்திரம் செல்லாது. நான் அவருக்கு முன்னரே படிப்பின் நிமித்தம் அங்கு போய்க் குடியுரிமை பெற்றவள் ஆகையால் எனக்கும் பிள்ளைகளுக்கும் தடையில்லை. எனவே போவதென்றால் நான் தனியேதான் போகவேண்டும். எங்கள் சமூகத்தில் இது புதுமையுமன்று. தகப்பன் கால்வைக்க முடியாத ஊருக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்த பெண்கள் பலரை நான் அறிவேன். அவர்களுக்கு ஒரு பிள்ளை, எனக்கு இரண்டு. வித்தியாசம் அவ்வளவே என்றுதான் முதலில் எண்ணினேன்.

உறவினர் ஆலோசனை சொன்னார்கள். "ஒன்றைத் தகப்பனோடு விட்டுவிட்டு மற்றதைக் கொண்டு போ" என்பது அதன் சாரம். எந்த ஒன்றை என்று நான் திருப்பிக் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. எட்டு நிமிடம் முந்திப் பிறந்த மகளையா, பிந்திய மகனையா? தாயாரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். பாரிசவாதத்தால் அவருடைய பேச்சுக் குழறியிருந்தது, ஆனாலும் விளங்கியது. "இரண்டையும் கொண்டு வாறதெண்டால் வா. ஒண்டைக் கொண்டு வந்தால், நாளைக்கு மற்றதுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?" என்றார்.

பிரயாணச் சீட்டு வாங்கப் புறப்பட்ட பின்னரே விதியின் முழு உருவமும் தெரிந்தது. ஒரு கம்பனி, தனியாள் இரு சிசுக்களுடன் ஏறவே கூடாது என்றது. மற்றொன்று, ஏறலாம், ஆனால் இரண்டாவது குழந்தைக்குத் தனி ஆசனம் வாங்கி, அதில் மோட்டார்க் காரிற் பொருத்தும் குழந்தை ஆசனத்தைக் கட்டவேண்டும் என்றது. அந்த ஆசனம் விமானத்துக்கு ஏற்றதென்று முத்திரை பெற்றதாயிருக்க வேண்டும். பிறர் வெளியேறும் வழியை மறிக்காதபடி யன்னலோரத்திலே வைக்கப்படவும் வேண்டும். முன்சுவரிற் கொளுவும் தொட்டிலைப் பற்றிக் கேட்டேன். அது நடுவானில் உறங்குவதற்கு மாத்திரம்; ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தை அதிற் கிடக்கலாகாது. உத்தியோகத்தர் மரியாதையுள்ளவர். இவ்வளவையும் பொறுமையாக விளக்கிய பிறகு, "உங்கள் கணவர் கூட வர முடியாதா?" என்று கேட்டார். அதற்கு மறுமொழி சொல்லப் புகுந்தால் எங்கள் நாட்டின் முப்பது வருடச் சரித்திரத்தைச் சொல்லவேண்டும். "முடியாது" என்றேன்.

இவ்விதியோடு எனக்குச் சண்டையில்லை. அது கண்மூடித்தனமாக வகுக்கப்பட்டதன்று. விமானத்தினுள்ளே காற்றழுத்தம் திடீரெனக் குறைந்து, பதினாலாயிரம் அடி உயரத்தின் நிலையை எட்டுமானால், தலைக்கு மேலிருந்து ஒட்சிசன் முகமூடிகள் விழும். மூன்று ஆசனமுள்ள வரிசைக்குப் பொதுவாக நாலு முகமூடிகள் உண்டு. மேலதிகமான ஒன்று மடிக்குழந்தைக்குரியது. அதனாலேயே ஒரு வரிசையில் இரண்டு மடிக்குழந்தைகளை இருத்துவதில்லை. 35,000 அடி உயரத்தில் ஒட்சிசன் இல்லாத மனிதனுக்குப் புத்தி தெளிவாயிருப்பது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரையிலேதான். அதற்குள் தாய் தனக்கு முதலில் மாட்டி, பின்பு ஒரு குழந்தைக்கு மாட்டி, அதன்பின் மற்றதற்கும் மாட்டவேண்டும். கைகள் இரண்டு, முகங்கள் மூன்று.

வெளியேறுவது அதைவிடக் கடினம். புதிய விமானமொன்றைப் பிரயாணிகளுக்கென அங்கீகரிக்கும் முன், பாதி வாசல்களை மூடிவைத்து, நிரம்பிய கூட்டத்தைத் தொண்ணூறு விநாடிக்குள் வெளியேற்றிக் காட்டவேண்டும் என்பது அமெரிக்க விதி. அந்தச் சோதனையில், கைக்குழந்தைகளுக்குப் பதிலாக குழந்தையளவான மூன்று பொம்மைகளைப் பிரயாணிகள் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது. ஒருவர் இரு கையிலும் இரண்டு பொம்மைகளைச் சுமந்தோடுவதைப் பற்றி அதிலே பேச்சில்லை. 2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆந் திகதி தோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், இறங்கிய ஜப்பானிய விமானமொன்று மற்றொன்றுடன் மோதித் தீப்பற்றியது. அதிலிருந்த 379 பேரும், அவர்களுள் இரண்டு வயதுக்குட்பட்ட எட்டுக் குழந்தைகளும், உயிரோடு வெளியேறினர். அச்செய்தியைப் படித்த அன்று, உலகம் முழுவதும் அந்த விமானப் பணியாளரை மெச்சிக்கொண்டிருக்க, நான் அந்த எட்டுக் குழந்தைகளும் யார் யார் கையில் வெளியேறியிருக்கும் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே ஒரு பெரியவருக்கு ஒரு சிசு என்பது நியாயமான கணக்கு. அந்தக் கணக்கினுள்ளே மறைந்திருக்கும் வேறொன்றைத்தான் என்னால் இன்னும் சீரணிக்க முடியவில்லை.

கட்டப்பட்ட ஆசனத்திலிருக்கும் குழந்தைக்கு மடியிலிருக்கும் குழந்தையிலும் பாதுகாப்பு அதிகம் என்பது ஐயத்துக்கிடமில்லாத உண்மை. 1989ஆம் ஆண்டு ஜூலை 19ஆந் திகதி, டென்வரிலிருந்து சிக்காகோ நோக்கிச் சென்ற யுனைட்டெட் 232ஆம் இலக்க விமானம் சூ நகரில் விழுந்து நொறுங்கியது. அதில் மடிக்குழந்தைகள் நால்வர் இருந்தனர். அந்நாளைய முறைப்படி, அவர்களைத் தரையிற் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு தாய்மாருக்குச் சொல்லியவர் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுண் என்னும் மாது. நால்வரில் ஒரு குழந்தை இறந்தது. தாம் சொன்ன அந்தச் சொல்லை அவரால் மறக்க முடியவில்லை. குழந்தைகளுக்கும் ஆசனம் வேண்டுமென்று பல ஆண்டுகள் போராடினார். விபத்துக்களை ஆராயும் அமெரிக்கச் சபையும் 1990இலிருந்து அதையே சொல்லி வருகிறது. விமானப் போக்குவரத்தை நிருவகிக்கும் அந்நாட்டுத் திணைக்களமோ, ஆசனத்துக்குப் பணம் கொடுக்கச் சொன்னாற் குடும்பங்கள் விமானத்தை விட்டு மோட்டார்க் காரில் ஏறும், வீதியிற் சாவோர் தொகை அதிகமாகும் என்று 1995இற் கணக்குக் காட்டி மறுத்துவிட்டது. அந்தக் கணக்கு அவர்கள் நாட்டுக்குச் சரியாயிருக்கலாம். லண்டனிலிருந்து பருத்தித்துறைக்கு வீதியில்லை.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். மடிக்குழந்தையைத் தாயின் பட்டியோடு ஒரு சிறு பட்டியாற் பிணைக்கவேண்டும் என்கிறது ஐரோப்பா. அப்படிப் பிணைத்தால் மோதலில் தாயின் உடலே குழந்தையை நசுக்கும், ஆகவே கூடாது என்கிறது அமெரிக்கா. இரு சாராரும் படித்தவர்கள்.

இனி என் நிலையை யோசித்துப் பாருங்கள். ஒரு குழந்தை கட்டிய ஆசனத்தில், ஒரு குழந்தை மடியில். அதாவது ஒன்று அதிகப் பாதுகாப்பில், மற்றது குறைந்த பாதுகாப்பில். எது எங்கே என்று தீர்மானிப்பவள் தாய். உறவினரிடம் நான் கேட்ட அதே கேள்வியைச் சட்டம் என்னிடம் கேட்டது. இரவிரவாக யோசித்து நான் கண்ட வழி பரிதாபமானது: லண்டனில் ஏறும்போது மகள் ஆசனத்தில், மகன் மடியில், இறங்கும்போது மாற்றுவது. அடுத்த விமானத்தில் மறுபடியும் அப்படியே. அபாயத்தைச் சரிபாதியாகப் பங்கிட்டுவிட்டேனாம்! இரு ஆசனங்கள் வாங்கியிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். வாங்கியிருக்கலாம், பணமிருந்திருந்தால்.

பறப்பதற்கு முந்திய இரண்டு மணித்தியாலம் பறந்ததிலும் கொடியது. சோதனைச்சாலையிற் குழந்தைகளைத் தள்ளுவண்டியிலிருந்து எடுக்கவேண்டும். வண்டியை மடித்து இயந்திரத்தினுள் அனுப்பவேண்டும். கார் ஆசனத்தையும் அப்படியே. மேற்சட்டையைக் கழற்றவேண்டும்; பாற்போத்தல்களை வேறாக எடுத்துக் காட்டவேண்டும். இரு குழந்தைகளை இரு கையிலும் வைத்துக்கொண்டு வண்டியை மடிப்பது எப்படி? "வண்டியை மடியுங்கள்" என்று அங்கிருந்தவர் மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை என் மகளை அவர் முன் நீட்டினேன். பிரயாணிகளின் குழந்தைகளைத் தூக்குவதற்குத் தமக்கு அனுமதியில்லை என்றார். உண்மையாயிருக்கலாம். பின்னாலிருந்த வரிசை நீண்டு முணுமுணுத்தது. ஈற்றில் மகளைத் தரைவிரிப்பின் மீது இருத்திவிட்டு வண்டியை மடித்தேன். அவள் ஒரு பெரியவரின் சப்பாத்து நாடாவைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அதே வேளையில் எங்களைக் கடந்து சக்கர நாற்காலிகள் போயின. நாலைந்து தமிழ்ப் பாட்டிமார், பின்னாலே தள்ளுவதற்குச் சீருடைப் பணியாளர், அவர்களுக்கென்று வேறு வழி. இவர்களுட் சிலர் கோயில் வீதியை மூன்று முறை சுற்றிவரக்கூடியவர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆங்கிலம் தெரியாத தாயை அந்தப் பெரிய நிலையத்திலே தனியே விடப் பயந்து பிள்ளைகள் செய்யும் உபாயம் அது. நான் அதைக் குறைகூற மாட்டேன். நடக்க இயலாதவருக்கு விமான நிலையம் இலவசமாக உதவி செய்தே ஆகவேண்டும் என்று 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்தது. அது நல்ல விதி. ஆனால் கால் இருந்தும் கை போதாதவளுக்கு அவ்விதியில் இடமில்லை. நானும் ஒரு சக்கர நாற்காலி கேட்டிருக்கலாம் போலும். பொய் சொல்லத் தோன்றாமற் போயிற்று.

விமானத்தில் ஏறியாயிற்று. யன்னலோரம் மகள், நடுவில் நானும் மகனும். வழியோரத்து ஆசனத்துக்கு வந்த இளைஞர் எங்களைக் கண்டதும் பணிப்பெண்ணிடம் சென்று மெல்லப் பேசினார்; வேறிடம் கிடைத்துப் போய்விட்டார். அவரையும் நான் நோகவில்லை. பட்டியைப் பரிசோதிக்க வந்த பணிப்பெண்ணிடம், "அவசரமாக வெளியேற நேர்ந்தால் இரண்டாவது குழந்தையை யார் தூக்குவது?" என்று கேட்டேன். அவள் புன்னகை செய்து, "நாங்கள் உதவி செய்வோம், பயப்படாதீர்கள்" என்றாள். அந்த வேளையில் அவளுடைய இடம் வாசல் என்பது எனக்குத் தெரியும். வாசலைத் திறந்து முந்நூறு பேரை வெளியேற்ற வேண்டியவள், இருபதாவது வரிசைக்கு எதிர்நீச்சலிட்டு வர முடியுமா? அவள் பொய் சொல்லவில்லை. சொல்வதற்கு அவளிடம் வேறு சொல் இல்லை.

ஏழு மணித்தியாலத்தையும் விவரிக்கப் போவதில்லை. இறங்கும் நேரத்தை மாத்திரம் சொல்கிறேன். விமானம் தாழும்போது காதினுள்ளே அழுத்தம் மாறும். பெரியவர் விழுங்கியோ கொட்டாவி விட்டோ அதைச் சமன்செய்வர். குழந்தைக்குப் பாலூட்ட வேண்டும். உறிஞ்சி விழுங்க விழுங்கக் காது திறக்கும். மடியில் இருப்பதற்கு முலை கொடுக்கலாம். பக்கத்து ஆசனத்திற் கட்டுண்டு, பின்புறம் நோக்கிக் கிடப்பதற்கு? ஒரு கையாற் போத்தலை நீட்டினேன். அவன் (இப்பொழுது மகனின் முறை) அதைத் தட்டிவிட்டுக் கதறினான். அவனுடைய அழுகையில் அவளும் முலையை விட்டு அழுதாள். முன்வரிசையிலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு சின்னப் பிள்ளைகளை ஏன் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள் என்பது அப்பார்வையின் பொருள்.

அந்தப் பார்வைக்குரியவர்கள் நம் மத்தியிலும் உளர். சிசுக்களைக் கொண்டு பறப்பது ஆடம்பரம், இரண்டு வயது ஆகட்டுமே என்பார்கள். பாரிசவாதத்திற் கிடக்கும் கிழவி இரண்டு வயது ஆகும்வரை காத்திருப்பாள் என்று யார் உறுதி சொல்வது? குடும்பங்கள் நாலு கண்டங்களிற் சிதறியபின், விமானம் நமக்குப் பட்டணத்து பஸ் மாதிரி. அதில் ஏறுவது உல்லாசத்துக்கன்று.

என் வாதம் சுருக்கமானது. இரு சிசுக்களுக்கு ஒரு பெரியவர் போதாது என்று சொல்வது கம்பனியும் அரசுமே. போதாது என்று அறிந்தும் சீட்டை விற்றுப் பணத்தையும் வாங்கிக்கொண்டால், இரண்டாவது ஆளாக நிற்கும் கடமையும் அவர்களுடையதே. வாசலிற் சீட்டைக் காட்டும் இடத்திலிருந்து விமானத்தின் ஆசனம் வரையும், இறங்கியபின் பெட்டி எடுக்கும் இடம் வரையும் ஒரு பணியாளர் கூட வரட்டும். சக்கர நாற்காலிக்குச் செய்வதை இதற்கும் செய்யட்டும். இரட்டையரில் இரண்டாவது குழந்தைக்குத் தனி ஆசனம் கட்டாயம் என்று விதித்தால், அதற்கும் சிசுவின் கட்டணத்தையே அறவிடட்டும். ஏனெனில் அது தாய் விரும்பி வாங்கும் வசதியன்று. விமானத்தினுள்ளே, மனமுள்ள பிரயாணி ஒருவரைக் கேட்டுப் பக்கத்தில் இருத்தி, "ஆபத்து வந்தால் இந்தக் குழந்தை உங்கள் பொறுப்பு" என்று புறப்படும் முன்னரே சொல்லிவைக்கட்டும். கடைசியாகச் சொன்னதற்குச் சதமும் செலவில்லை. இது நடக்கக்கூடியதா என்று கேட்போருக்கு, நடந்தது என்று சொல்ல என்னால் முடியும்.

வளைகுடா நகரமொன்றில் விமானம் மாறினோம். கட்டுநாயக்காவுக்குச் செல்லும் அந்த இரண்டாவது விமானத்தில் ஏறியோர் பெரும்பாலும் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பும் எங்கள் நாட்டுப் பெண்கள். வழியோரத்து ஆசனத்துக்கு வந்தவர் மூதூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மாது. நாற்பது வயது இருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே எங்கள் வரிசையைப் பார்த்தார். நகர்ந்து போவதற்குப் பதிலாகக் கையை நீட்டினார். "தாங்க மகள் அந்தப் புள்ளய. நீங்க முகத்தக் கழுவிட்டு வாங்க" என்றார். ஒரு பகலும் ஓர் இரவும் கழித்து அன்றுதான் முதன்முறையாக நான் இரு கையும் வெறுமையாக நடந்தேன். திரும்பி வந்தபோது மகன் அவருடைய தோளில் நித்திரையாயிருந்தான்.

ராத்தா, உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். நாலு பேர். கடைசி மகளை ஒன்றரை வயதில் உம்மாவிடம் விட்டுப் போனவர். இப்போது அவளுக்கு ஆறு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் இத்தொழிலுக்குப் போவதை எங்கள் அரசு தடுத்தது 2013இல். இவர் போனது அதற்கு வெகு முந்தி. அந்த வீட்டில் மூன்று குழந்தைகளை வளர்த்தாராம். அவர் என் மகனைத் தோள் மாற்றிய விதத்திலேயே அது தெரிந்தது.

தாழத் தொடங்கு முன் பணிப்பெண் பட்டிகளைப் பார்க்க வந்தாள். அதே கேள்வியை அவளிடமும் கேட்டேன். அவள் மறுமொழி தேடிக்கொண்டு நிற்க, ஆங்கிலம் விளங்காத ராத்தா என்ன கேட்டேன் என்று என்னிடம் விசாரித்தார். சொன்னேன். "மத்தப் புள்ளய நான் தூக்குவன். இதுல கேக்கிறதுக்கு என்ன இரிக்கி?" என்றார். அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும், பணிப்பெண் குனிந்து, பட்டியை எப்படி அவிழ்ப்பது, ஆசனத்தை விட்டுவிட்டுக் குழந்தையை மாத்திரம் எடுப்பது எப்படி என்று அவருக்குச் செய்து காட்டினாள். ராத்தா இருமுறை அவிழ்த்து மாட்டிப் பழகிக்கொண்டார். எங்கள் வரிசையில் நாலு முகமூடி, நாலு பேர். கணக்குச் சரி. அந்த முறை எந்தப் பிள்ளை ஆசனத்தில், எது மடியில் என்று நான் இன்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

கட்டுநாயக்காவில், தம்முடைய பெரிய பெட்டிகள் இரண்டையும் கம்பளிப் பொதியையும் வண்டியில் ஏற்றி அதை ஓர் உறவுக்காரப் பெண்ணிடம் தள்ளக் கொடுத்துவிட்டு, ராத்தா என் மகனைத் தூக்கிக்கொண்டு வெளிவாசல் வரையும் வந்தார். அங்கே கம்பிக்கு அப்பால் அவருடைய உம்மாவும் பிள்ளைகளும் நின்றார்கள். ஆறு வயதுப் பெண் புதுச் சட்டை போட்டு, உம்மம்மாவின் சேலையைப் பிடித்திருந்தாள். அவள் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை; தாயின் கையிலிருந்த என் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்தா அதைக் கண்டதும் சட்டென்று குழந்தையை என்னிடம் தந்துவிட்டு ஓடினார்.